மாமன் பார்க்காத கல்யாணம்

தாராவியில் ஒரே சந்தில் எதிரெதிர் வீடு, பேராச்சிக்கும் அவள் கொழுந்தன் பெண்டாட்டி கலைச்செல்விக்கும். காலையில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் கலைச்செல்வி போனை நீட்டி, ஒங்க தம்பி பேசினதக் கேளுங்க என்றாள். மஸ்கட்டிலிருந்து இசக்கிதுரையின் குரல்.

"கலாக்கா, நேத்துதான் ஒம் மவ கல்யாணம், இன்னைக்கு ஐநூறு போட்டோவும் பாத்துட்டேன். பந்தியில உக்காந்து எந்திச்ச மாதிரி இருக்கு."

கூடப் பிறந்தவள் இங்கே நிற்க, நேற்று முளைத்தவள் கலாக்காவா? புள்ளைக்குப் பவுடர் கொஞ்சம் சாஸ்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேராச்சி குடத்தைத் தூக்கினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் ஷாலினியின் கல்யாணத்துக்குத் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. மாலை எடுத்துக் கொடுக்கவேண்டிய தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியது. ஆல்பத்தையாவது மாமன்தான் முதலில் பிரிக்கணும் என்று பேராச்சி அதை மஞ்சத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். மகளுக்கே காட்டவில்லை. போனில் அனுப்புவதா, ஊர்க்கண் பட்டுரும் என்றாள். பொங்கலுக்கு வாரேன், கோயில் கொடைக்கு வாரேன் என்றவன் வந்தபாடில்லை.

அன்று மத்தியானமே திலக் நகரிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். ஸ்டூடியோக்காரன் அப்பவே போட்டோ லிங்க் கொடுத்துட்டாம்மா, நீதான் தொறக்கக் கூடாதுன்ன என்றாள் ஷாலினி. மாமா முறை கெட்டுப்போகுமே என்று பேராச்சி இழுத்தாள்.

"ஒன்னத் தவிர யாரும் பாக்கலியே. இன்னைக்கு அனுப்பினா மாமாதானம்மா மொதல்ல பாப்பாரு."

இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? சரி, அவன் பார்த்ததும் குடும்ப குரூப்பிலயும் போடு, எதிர்வீட்டுக்காரியும் பாக்கட்டும் என்றாள் பேராச்சி.

சாயங்காலம் தம்பியின் குரல் வந்தது.

"யக்கா, எல்லாம் பாத்துட்டேன். நம்ம புள்ள மாலையோட நிக்கதப் பாத்து டூட்டியில வச்சே அழுதுட்டேன். ஆனா நீ வாய்விட்டுச் சிரிக்கது ஒரே போட்டோலதான். கலாக்கா ஒன் காதுல என்னமோ சொல்லுதா பாரு."

பேராச்சி திடுக்கிட்டாள். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கியபோது கலைச்செல்வி தலை தெரிந்ததையெல்லாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தவள் அவள்தான். அச்சில் கழிந்தது லிங்க்கில் அப்படியே கிடந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வாசலில் கலைச்செல்வி, போனும் கையுமாக.

"யக்கா, அன்னைக்கு என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

சம்பந்தியின் கொண்டையைப் பற்றிச் சொன்னது. பேராச்சிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"இல்லட்டி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே போய்த் தம்பி பேசியதை மறுபடி போட்டாள். 'அழுதுட்டேன்' வரைக்கும் ஓடவிட்டு நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து போட்டாள்.