ஐம்பது கோஸும் ஈரம் படக்கூடாத குளியலறையும்

முப்பத்திநாலு வருடம் தென்கொரியாவின் சோங்ஜு நகரில் பேருந்து ஓட்டிய பியொங்சு, ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் குளியலறைச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்து, தொட்டியோரம் பூசணம் பிடித்துக் கிடந்தது. ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி ஓக்நான். "எதுக்கு ஆளு? எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகு பின்வாங்க முடியுமா?

ஓக்நானுக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த கேடயத்தைக்கூட, "இதுல தூசிதான் சேரும்" என்று அலமாரிக்குள் தள்ளியவள். இந்தச் சுவரைப் பார்த்தாவது அவள் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை வரவேண்டும். மனுஷனுக்கு அது ஒன்றுதான் ஆசை.

நாலு நாள் பிடித்தது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தார். புதுக் கலவையைப் பற்பசைப் பதத்தில் குழைத்து, ரப்பர் தகட்டால் இடுக்கில் அழுத்தி, ஈரப் பஞ்சால் துடைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் தொட்டியைச் சுற்றி, தண்ணீர் கசியாமலிருக்க சிலிக்கான் பசை வைத்து விரலால் நீவி முடித்தார். மறுநாள் மதியம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கதவுக்குக் குறுக்கே டேப் ஒட்டினார். தினமும் குளியலறை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவள் ஓக்நான். அதனால் ஷவர் குழாயையும் கழற்றிச் செருப்பு அலமாரியில் ஒளித்துவைத்தார்.

அன்றே இரண்டு மணிக்கு வாசலில் லாரி வந்து நின்றது. ஓக்நானின் அக்கா புருஷன், ஐம்பது முட்டைக்கோஸோடு. வருடா வருடம் குளிர்காலத்துக்குப் போடும் கிம்ச்சி ஊறுகாய்க்கு அவர் தோட்டத்துக் கோஸ்தான். உப்புப் போட்டு இரவெல்லாம் ஊறுவது இவர்கள் வீட்டுக் குளியல் தொட்டியில்தான்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னீங்க?" என்றார் பியொங்சு.

"இன்னிக்கு ராத்திரி உறைபனியாம் சகலை. விட்டா எல்லாம் கருகிடும், வெட்டிட்டேன்." டேப்பைப் பார்த்தார். "இது என்ன, நம்ம டிரைவர் குளியலறைக்கே பிரேக் போட்டுட்டாரா?"

ஓக்நான் டேப்பை ஓரமாக விலக்கி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வருஷம் முழுக்கச் சாப்பிடும் கிம்ச்சி முன்னால் சுவர் எம்மாத்திரம் என்று பியொங்சுவுக்குத் தோன்றியது.

"டேப்பைப் பிரிச்சிடு. நான் அப்புறம் திரும்பப் பண்ணிக்கிறேன்" என்றார்.

"சும்மா இருங்க." கதவைச் சாத்தி டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சகலை மேலே கொண்டுவந்திருந்த கோஸ் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பியொங்சுவும் பின்னாலேயே போனார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். கீழ்மாடித் திருப்பத்தில், அந்த வீட்டம்மாவிடம் அவள் பேசும் குரல் கேட்டது.

"யுன்ஹா அம்மா, ஒரு ராத்திரிக்கு உங்க தொட்டி வேணும். எங்க வீட்டுல தண்ணி படக்கூடாது. எங்க வீட்டுக்காரர் தன் கையாலயே டைல்ஸ் இடுக்கு முழுக்கப் பூசியிருக்காரு. ஆளு வச்சுப் பண்ணாக்கூட அவ்வளவு நேரா வராது. நாளைக்கு வந்து பாருங்க."

பியொங்சு கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. கோஸ் வாசனைக்கு அப்படி ஆகாது என்று அவருக்கே தெரியும்.

மூன்று வீட்டுத் தொட்டிகள் கிடைத்தன. மாடிக்கு மாடி சுவரின் பெருமையும் ஏறியது. கடைசி வீட்டில், "தொழில் பண்றவங்களே வந்து கத்துக்கிட்டுப் போகணும்" என்றாள் ஓக்நான்.

"என்ன சகலை இளிக்கிறீங்க? கூடை கனக்கலையா?"

"கனக்கலை" என்றார் பியொங்சு.

மறுநாள் மதியம் டேப்பைப் பிரித்தார். இருவரும் உள்ளே நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அந்த மூலையில ஒரு கோடு கோணல்."

"சரி, பண்ணிடறேன். இன்னும் எந்த வீட்டுலயாவது தொட்டி கேட்கணுமா? கேட்கப் போறப்போ சொல்லு, நானும் வரேன்."

ஓக்நானுக்குக் காது சிவந்துவிட்டது.

"ஷவர் குழாயை எங்க ஒளிச்சு வச்சீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள்.