புத்தூருக்கு மற்ற வழி

புத்தூர்த் தேருக்கு இந்த முறையும் கிளினிக்கைப் பூட்டப்போவதாகக் கனகலிங்கம் சொன்னதும் கஜானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று ஊரில் கிளினிக் வைத்திருப்பவர் அவர். அவற்றின் கணினிகளை இணைத்து வைத்திருப்பவள் அவள். தேர் வரும் தெருவில் குறுக்கே எந்த வயரும் நிற்கக்கூடாது. சண்டிலிப்பாய்த் தலைமைக் கிளினிக்கிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுவார்கள். அதோடு புத்தூரில் நோயாளிகளின் பழைய விபரம் ஒன்றும் திறக்காது. வெயிலில் சனம் மயங்கி விழுகிற நாளில்தான் கதவில் பூட்டுத் தொங்கும். நல்ல நியாயம்!

"தேர்த்தெருவைத் தொடாமல் உடுவில் கிளினிக்காலை வாற கேபிள் சும்மாதானே கிடக்குது, ஐயா? சுவிட்சுகள் தாங்களே கதைச்சு வழியை மாத்திற மாதிரி ஓஎஸ்பிஎஃப் போட்டுவிடுறன்."

"கொழும்பு ஆக்கள் எழுதிவைச்ச வழி இருக்கு. அதிலை கை வைச்சீரெண்டால் பிறகு வேலைக்கு வரத் தேவையில்லை, பிள்ளை."

கஜானி கை வைத்தாள். கொழும்புக்காரர் எழுதிய வழிகளை அழித்துவிட்டு, மூன்று சுவிட்சிலும் ஓஎஸ்பிஎஃப்பை ஏற்றினாள். இனி எந்தக் கேபிள் இருக்கிறது, எது இல்லை என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லவேண்டும். ஆனால் ஒன்றும் ஒன்றுக்கு முகம் கொடுக்கவில்லை. பார்த்தால், ஊருக்கு ஒரு பகுதி எண் கொடுத்து வைத்திருக்கிறாள்! ஊரை ஊராகப் பிரித்தே பழகிய புத்தி. தன்னையே திட்டிக்கொண்டு மூன்றையும் ஒரே பகுதியாக்கினாள். உடனே கதைக்கத் தொடங்கின.

தேரன்று காலை அவளே புத்தூர்க் கிளினிக்கைத் திறந்தாள். தாதி யோசப்பினும் டொக்டரும் வந்துவிட்டார்கள். வடம் இழுத்தவர் ஒருவரை மயக்கத்தில் தூக்கி வந்து கிடத்தினார்கள். யோசப்பின் அவர் பெயரைக் கணினியில் தட்டினாள். பின்னாலேயே பட்டுவேட்டியோடு கனகலிங்கம்.

"ஆரைக் கேட்டுத் திறந்தனீர்?"

தேருக்காக வயர் கழற்ற வெளியே ஏணியில் நின்ற சுபாஸ் அண்ணை சண்டிலிப்பாய்க் கேபிளைக் கழற்றினார். திரையில் வட்டம் சுற்றியது. வட்டம் நின்றது, மயங்கியவரின் விபரம் உடுவிலைச் சுற்றி வந்து விழுந்தது.

"இருதய வருத்தக்காரர், டொக்டர்!" என்று கத்திக்கொண்டு யோசப்பின் உள்ளே ஓடினாள்.

கனகலிங்கம் திரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கிளினிக் திறப்பைத் தாரும். நாளையிலையிருந்து வரவேண்டாம்."

"வரேல்லை, ஐயா."

கஜானி திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டு, அதன் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வரட்டும். பிறகு பூட்டித் தாறன்."