ஆறு மணி டிரிப்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிவப்புப் பேனாவும் ஸ்கேலுமாக ஃபிரிட்ஜ் முன்னால் வந்து நின்றுவிட்டார் டைம்கீப்பர். பஸ் டிப்போவில் இருபத்தோரு வருஷமாகப் பார்க்கும் வேலையே பெயராகி வீடுவரைக்கும் வந்துவிட்டது. கோபம் வந்தால் மகள்கூட அப்படித்தான் கூப்பிடுவாள். ஃபிரிட்ஜ் கதவில் வார அட்டவணை ஒட்டியிருந்தது. மகளுக்கு நீச்சல், ஓவியம், கணக்கு டியூஷன். மனைவிக்கு ஆஸ்பத்திரி ஷிப்டு, தையல் வகுப்பு. அவருக்குக் குடியிருப்போர் சங்கம், அது போதாதென்று இரண்டு கமிட்டி. ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டுமே, ஊஹும். போன மாதம் ஒருநாள் மனைவி போவாள் என்று இவரும், இவர் போவார் என்று அவளும் இருந்துவிட, பிள்ளை ஈரத் தலையோடு நீச்சல் குளத்து வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது. போதுமடா சாமி என்றாகிவிட்டது.

டிப்போ வழக்கத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். அங்கே மூன்று வாரம் தலை எண்ணுவார்கள். ஆள் ஏறாத டிரிப்பைக் கட் செய்துவிட்டு நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்படியும் யாராவது ஒருவர் அதே நேரத்துக்கு வந்து நிற்பார். படிக்கத் தெரியாதவர் இல்லை, நோட்டீஸை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் நிற்பார். இப்படியும் ஒரு மனுஷனா என்று டைம்கீப்பர் சிரித்திருக்கிறார்.

வீட்டில் தலைக்குப் பதிலாக, போய் வந்ததில் என்ன ஆயிற்று என்று மூன்று வாரம் குறித்து வைத்திருந்தார். ஓவியம் கட்; மகள் குதித்தாள். இரண்டு கமிட்டியும் கட்.

"அப்பாடா! அப்படியே என்னையும் கட் பண்ணிடாதீங்க" என்றாள் மனைவி.

கடைசியாக ஸ்கேல் வியாழன் ஆறு மணியில் வந்து நின்றது. 'அக்கா' என்று எழுதியிருந்தது. அத்தான் இறந்துபோனதிலிருந்து நாலு வருஷமாக, வாரம் தவறாமல் மூன்றாவது தெருவிலிருக்கும் அக்கா வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். நோட்டைப் புரட்டினார். முதல் வாரம் முட்டி வலி, ஒழுகும் குழாய். அடுத்த வாரம் முட்டி வலி. மூன்றாவது வாரம் ஒன்றுமே இல்லை. டீ குடித்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அதையுமா?" என்றாள் மனைவி.

"போனாலே 'ஏண்டா வேலையக் கெடுத்துக்கிட்டு வர்ற'ன்னுதானே அக்கா கேக்குறாங்க."

"வாய் கேக்கும். மனசுல என்ன இருக்குன்னு விசாரிச்சீங்களா?"

விசாரித்தார். போனில் சுற்றி வளைத்து, மென்று முழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நல்லதாப் போச்சுடா தம்பி. வியாழக்கிழமை பூங்காவுல எங்க வயசுக்காரங்க கூடுறாங்க. ஒரு வருஷமா கூப்புடுறாங்க. நீ வந்து ஏமாந்துருவியேன்னுதான் நான் போகல."

பாரம் இறங்கியது போல இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் முளைத்தது. அப்படியானால் நாலு வருஷமாக யாருக்கு யார் துணையாக இருந்தது? அவளுக்காக இவர் போனாரா, இவருக்காக அவள் வீட்டில் இருந்தாளா? ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கட்டத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டார். ஸ்கேல் வைத்தும் கோணலாக விழுந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றினார். டிவியைப் போட்டார், அணைத்தார். "காலாற நடந்துட்டுத்தான் வாங்களேன்" என்று மனைவி விரட்டினாள். நடந்தார். கால் தானாக மூன்றாவது தெருவில் திரும்பியது.

அக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. தெரிந்த விஷயம்தானே, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டார். ஆனாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே முக்காலியில் இரண்டு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்று அவளுக்கு. இன்னொன்று? கை பழகிப்போய் எடுத்து வைத்ததா? பூங்காவிலிருந்து யாராவது கூட வருகிறார்களா? இல்லை, தம்பி எப்படியும் வந்து நிற்பான் என்று...

"அக்கா பூங்காவுக்குப் போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" எதிர்வீட்டு அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சொன்னாங்க" என்றார் டைம்கீப்பர்.

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மணி ஆறு ஐந்து. கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, நிறுத்தத்தில் பஸ்ஸை எதிர்பார்ப்பவர் மாதிரி தெருமுனைப் பக்கம் கழுத்தை நீட்டினார்.