வாளிக்குள் இருந்த வெள்ளை

கணினித் திரையில் அம்மா வந்தபோது தலைமுடி வெளுத்தும் பற்கள் கறுத்தும் இருந்தன. எல்லாவற்றின் மேலும் ஒரு செம்மஞ்சள் படர்ந்திருந்தது.

"அனே, பேய் மாதிரி இருக்கு" என்று கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் சுதர்சினி ஒரு தோட்டத்துப் பங்களாவின் பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். மென்பொருள் 'ஸ்லைட்' என்பதிலேயே நின்றுவிட்டிருந்தது. அவள் உடனே மாற்றவில்லை. நரைக்கும் முன்பே செத்துப்போனவளை நரையோடு ஒரு கணம் பார்த்தாள். பிறகு 'நெகட்டிவ்' என்பதை அழுத்தினாள்.

தெஹியோவிட்ட பஸாரில் றிஸ்மியின் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. அம்மா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. தங்கை கோகிலா கைக்குழந்தை. வீட்டிலிருந்த படங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கோகிலாவின் கல்யாணத்துக்காகப் பெட்டிகளை ஒதுக்கியபோது இந்த ஒரு நெகட்டிவ் கிடைத்தது. ரப்பர் மரத்தடியில், கையில் வாளியுடன் அம்மா. மணவறைக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைக்க அதைப் பெரிதாக்க வேண்டும்.

மென்பொருள் எந்த ஃபிலிம் என்று கேட்டது. நெகட்டிவின் ஓரத்து எழுத்துகள் அழிந்திருந்தன. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் அம்மா சிவந்தாள். அடுத்ததில் பச்சை பாய்ந்தது. கடைசியில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பைப் போட்டதும் முகம் பளிச்சென்று வெளுத்தது.

"இதுதான் அம்மா! அச்சு அசல் என்ன மாதிரியே" என்றாள் கோகிலா.

தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். சின்னவள் தாயைக் கொண்டு பிறந்தவள். பெரியவள் யாரைக் கொண்டோ. இப்போது இயந்திரமும் சொல்லிவிட்டது.

இன்னொரு வழி இருந்தது. படத்தில் உண்மையிலேயே வெள்ளையான ஒன்றைக் காட்டிக் கொடுத்தால், மென்பொருள் மற்ற நிறங்களை அதற்கேற்ப ஒழுங்கு பண்ணும். படத்தில் வெள்ளை எது? வாளியில் பால். வெட்டிய ரப்பர் பாலைவிட வெள்ளை ஏது? அதன் மேல் அழுத்தினாள்.

அம்மா கறுத்தாள். கன்னமும் கழுத்தும் சுதர்சினியுடையவை.

"யாருக்கா இது? நீயா?"

"அம்மா."

"போக்கா. மாப்பிள வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது? அப்பாகிட்டயே கேளு."

வாளியில் பாலோடு அம்மா நிற்கும் படம் என்றதும் போனில் அப்பா நாகலிங்கம் சிரித்தார். "வாளியோட நிக்கிறதா? அதுல ஏது புள்ள பாலு? அது பின்னேரம் எடுத்த படம். பால காலையிலயே ஸ்டோருக்கு அனுப்பியாச்சு. பின்னேரம் பொறுக்குன ஒட்டுப்பால்தான் கெடந்துச்சு."

சிரட்டையில் உறைந்து மஞ்சளித்துப்போன பால். லயத்தில் வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் இருந்ததா, தோன்ற விடவில்லையா?

"அம்மா என்ன நெறம்ப்பா?"

"படத்த அனுப்பு. பாத்தாத்தானே சொல்லலாம்."

அவர் நினைவிலும் அம்மாவின் நிறம் இல்லை என்று அப்போது விளங்கியது. தான் எதை அனுப்புகிறாளோ அதுதான் இனி அவருக்கு. தெரிந்தும் அவள் விரல் கறுத்த படத்தையே அனுப்பியது.

பதில் குரல் பதிவாக வந்தது. "இவதான் புள்ள. இவளேதான்." குரல் உடைந்திருந்தது.

கோகிலாவின் கண் கலங்கிவிட்டது. "சரி, அதையே அடி."

அவ்வளவுதான். அச்சடித்தால் முடிந்தது. சுதர்சினி கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளை வெள்ளையில்ல, கோகி. மஞ்சள். நான் அத வெள்ளன்னு காட்டினதால முகத்துல இருந்த மஞ்சளையும் சேத்து எடுத்துட்டுது. இவ்வளவு கறுப்பா இருந்திருக்க மாட்டாங்க."

"அப்ப என்னோடதுதான் சரி?"

"அதுவும் இல்ல."

கோகிலா அவளையே பார்த்தாள். "றிஸ்மி நானா வர்றவங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறாருன்னு சிரிப்பியே. நீ கரி பூசியிருக்க."

"அப்பாகிட்ட சொல்லிரட்டா?" என்று கேட்டாள் சுதர்சினி.

"என்னத்த சொல்லப்போற? இனி அவருக்கு அவதான்."

சுதர்சினி எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டுப் பட்டியலின் முதல் ஃபிலிமிலிருந்து மறுபடி தொடங்கினாள். அம்மா சிவந்தாள், பச்சையானாள். கோகிலா பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இரண்டு தரம் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.