மூன்று வருடச் சம்பளம்

1960ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, திங்கட்கிழமை, திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரி நைனா முகமதுவின் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அவருடைய மகள் கமர்ஜஹான், பி.எஸ்ஸி. மனையியல், சாணார்பட்டி வட்டாரத்தில் கிராமப் பெண்கள் நலப் பணிகளைக் கவனிக்கும் முக்கிய சேவிகாவாக நியமிக்கப்பட்டிருந்தாள். சம்பளம் படிகள் சேர்த்து மாதம் நூற்று நாற்பது ரூபாய். நவம்பர் முதல் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும்.

அந்தப் பட்டத்துக்கு நாலு வருடத்தில் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆகியிருந்தது. சென்னையில் விடுதிக் கட்டணம், புத்தகம், ரயில் செலவு எல்லாம் அதில் அடக்கம். குழந்தை வளர்ச்சி, சத்துணவு, குடும்ப நிர்வாகம் என்று பாடங்களின் பெயர்களை அவள் கடிதத்தில் எழுதுவாள். நைனா முகமது அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு கேட்டவர்களிடம் சொல்வார். அந்தப் படிப்பை வைத்து என்ன செய்யலாம் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அவருடைய தங்கை சைதூன் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, சோறாக்கப் படிக்கவா மெட்ராசு? எங்கிட்ட விட்டிருந்தா அரைப்படி அரிசியில பழக்கிவிட்டிருப்பேனே."

"பிள்ளை வளக்கவும் படிச்சிருக்கா."

"அப்படிப் பாத்தா எனக்கு ஏழு டிகிரி" என்றாள் சைதூன். அவளுக்கு ஏழு பிள்ளைகள்.

நைனா முகமதுவும் சிரித்தார். ஆனால் ஜூன் மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருடம் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். கல்லூரியில் வேலை வேண்டுமென்றால் மேல்படிப்பு. இரண்டுக்கும் பணமில்லை. ஆட்டுத்தோல் விலை ஒரு வருடமாக இறங்கிக் கிடந்தது. கமர்ஜஹானுக்கு இருபத்திரண்டு வயது.

ஆகஸ்டில் ஒரு வரன் வந்தது. பையன் ஜெகபர் அலி, தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. அவனுடைய தகப்பனார் மீரான், தோல் தரகர். சாணார்பட்டி, எரியோடு பக்கத்துக் கசாப்புக்காரர்களிடமிருந்து வரும் தோலில் முக்கால்வாசியை நைனா முகமதுவின் குடோனுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இருபது வருடப் பழக்கம். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அப்போது பெண் வீட்டார் கொடுக்க வேண்டிய கைக்கூலி ஐயாயிரம். நைனா முகமதுவிடம் ஆயிரம்கூட ரொக்கமாக இல்லை. இதற்குள் கமர்ஜஹான் வட்டார வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தாள். வேலை அநேகமாக உறுதி என்று தாலுகா அலுவலகத்தில் பேச்சு.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து ஆண்கள் கூடத்தில் இருந்தார்கள். தோல் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். ஒருவருக்குக் கொடுத்த விலை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். எழுத்தோ சாட்சியோ இருக்காது. துண்டுக்குள் பிடித்த விரலை மாற்றிச் சொன்ன ஆளுக்கு மறுநாள் சரக்கு வராது. மீரான் அன்றைக்கு அந்த வழக்கப்படி தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டார். "வருசக்கணக்கு" என்று மட்டும் நைனா முகமதுவின் காதருகில் சொல்லிவிட்டு நாலு விரலைப் பிடித்தார். நைனா முகமது இரண்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் துண்டு அசைந்தது. மூன்றில் முடிந்தது. எல்லோரும் துவா ஓதினார்கள்.

"எம்புட்டுக்கு முடிச்சீக?" என்று மனைவி ஜெய்தூன் பீவி கேட்டாள்.

"ரொக்கம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

ஜெய்தூன் பீவி அன்றே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். படித்த பெண் என்பதால் கைக்கூலி கேட்கவில்லை என்று பேச்சு பரவியது. கமர்ஜஹானும் அப்படியே நம்பினாள். நைனா முகமதுவின் தங்கை சைதூன்கூட, தன் இரண்டாவது மகளைப் பத்தாவதுக்கு மேலே படிக்கவைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உத்தரவு வந்த அன்று மாலையே மீரான் வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நூத்தி நாப்பது. முப்பத்தாறு மாசம். ஐயாயிரத்து நாப்பது" என்றார். "கணக்கு நேரா வந்துருச்சு மச்சான். அந்த நாப்பதுக்குப் புள்ளைக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்துருவோம்."

கமர்ஜஹான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏம்மா, சம்பளத்தக் கையில வச்சுக்கிட்டு நீ பஸ்ஸுல அலைய வேணாம். ஒண்ணாந்தேதி ஜெகபரு சைக்கிள்ல வந்து வாங்கிக்கிருவான்."

"எதுக்கு மாமு?"

மீரான் நைனா முகமதுவைப் பார்த்தார். "சொல்லலையா?"

"சொல்றேன்" என்றார் அவர்.

மீரான் போன பிறகு சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள்.

"மூணு வருசத்துக்கும் முழுச் சம்பளமா?"

"முழுசும். அதுக்கப்புறம் உம்பாடு."

"வட்டாரத்துல அம்பத்தஞ்சு கிராமம் இருக்காம். கரடுமுரடான பாதையில நடக்கப்போறது நான். என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"உன்னையப் படிக்க வச்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல புருசனுக்கு உரிமை இல்லைன்னு சின்னப்புள்ளையில நீங்கதானத்தா ஓதிக்கொடுத்தீக."

"அது கிதாபுல இருக்கு" என்றார் நைனா முகமது. "இது பேகம்பூரு."

வியாழக்கிழமை, அலுவலகம் விட்டதும் ஜெகபர் அலி வந்தான். தகப்பனார் அனுப்பியிருந்தார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஜெய்தூன் பீவி கதவுக்குப் பின்னால் நின்றாள். கமர்ஜஹான் நிலையருகில் நின்று பேசினாள்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"பேசி முடிச்சப்புறம் சொன்னாக." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்கு நூத்திப்பத்து ரூவா. பொண்டாட்டிக்கு உன்னைய விட முப்பது ரூவா கூடன்னு ஆபீஸ்ல இப்பவே கேலி. எனக்கு அது பெருசில்ல. எந்தங்கச்சி நர்கீஸுக்குப் பேசியிருக்கு. அந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கைக்கூலிய மாசாமாசம் கொடுத்து அடைக்கிறதா அத்தா வாக்குக் குடுத்துட்டாக. உங்க சம்பளத்த நம்பித்தான்."

"அவ எதுவரைக்கும் படிச்சிருக்கா?"

"எட்டாவது."

கமர்ஜஹான் நிலையை விட்டுக் கூடத்துக்குள் ஓரடி வந்தாள்.

"நான் ஒண்ணாந்தேதி வேலையில சேரப்போறேன். சம்பளம் எங்கிட்டத்தான் இருக்கும். குடும்பத்துக்குச் செலவு பண்ணுவேன், நர்கீஸுக்கும் ஒரு பங்கு தருவேன். ஆனா நானாக் குடுக்கணும். சம்மதமா?"

"அத்தா ஒத்துக்க மாட்டாக."

"நான் உங்களக் கேக்குறேன்."

அவன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு "அத்தாகிட்டச் சொல்றேன்" என்று எழுந்தான். படியிறங்கும்போது திரும்பி, சாணார்பட்டிக்குக் காலையில் எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருப்பதாகச் சொன்னான்.

மீரான் விஷயத்தைப் பள்ளிவாசல் ஜமாத்துக்குக் கொண்டுபோனார். அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு விசாரிப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் ஜெய்தூன் பீவி கணவரின் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சாட்சி யாரு இருக்கா? துண்டுக்குள்ள நீங்க எதப் புடிச்சீகன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"புள்ளையவிடப் பெருசா அது?"

கமர்ஜஹான் உள்ளே தன் சான்றிதழ்களுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. மெய் சொல்லும்படியும் கேட்கவில்லை. நைனா முகமது அவளைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஜமாத் தலைவர் சுருக்கமாகவே கேட்டார். "மீரானு, சாட்சி உண்டா?"

"துண்டுக்குள்ள பேசுனதுக்குச் சாட்சி ஏது?"

"அப்ப நைனா சொல்றதுதான். சொல்லுப்பா."

"மூணு வருசம்" என்றார் நைனா முகமது. "நான்தான் புடிச்சேன்."

"அப்பக் கொடுக்க வேண்டியதுதானே?"

"எம் பொருளுன்னு நெனச்சுப் பேசிட்டேன். அது எம் பொருளு இல்ல. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மீரான் சிரிக்கவில்லை. "ஊரான் சரக்க விலைபேசுற ஆளுகிட்ட இனி யாவாரம் எப்படிண்ணே பண்றது?" என்று தலைவரிடம் கேட்டார். கைக்கூலியைப் பற்றி ஜமாத் தீர்ப்புச் சொல்லாது, சம்பந்தம் முறிந்தது, பரிசப் பொருள்களை இரண்டு வீட்டாரும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் ஒரு பச்சைப் பட்டுப்புடவையும் ஒரு மோதிரமும் கைமாறின. நர்கீஸின் சம்பந்தமும் அந்த வாரமே நின்றுபோனது.

நவம்பர் முதல் தேதி கமர்ஜஹான் எட்டேகால் பஸ்ஸில் சாணார்பட்டிக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். மீரான் தன் தோல்களை வேறு குடோனுக்குத் திருப்பிவிட்டார். டிசம்பருக்குள் நைனா முகமதுவுக்குச் சரக்குத் தந்த மற்ற இரண்டு தரகர்களும் அப்படியே செய்தார்கள். பிப்ரவரியில் ஜெகபர் அலிக்கு வேடசந்தூரில் நிக்காஹ் நடந்தது. கைக்கூலி ஆறாயிரம் என்று சொன்னார்கள்.

1961 ஏப்ரலில் நைனா முகமது குடோனைக் காலி செய்தார். அந்த மாதம் முதல் வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் கமர்ஜஹானின் சம்பளத்திலிருந்து கொடுக்கப்பட்டன.