புள்ளி வைக்காத பாதம்

“ஏனுங்கக்கா, அட்டையில கையெழுத்தப் போட்டுருங்க. பையன் நாலு மணி பஸ்ஸுக்கு வந்துருவான்.”

“இன்னும் வகுப்பே ஆரம்பிக்கல, முத்தாயி.”

“ஆரம்பிச்சா என்ன, முடிஞ்சா என்ன? எப்பவும் போடறதுதானுங்க.”

எப்பவும் போடுவதுதான். மூன்று புதன்கிழமைகளாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

எண்பத்தேழாம் வருஷத்து மார்கழி அது. ஏற்காட்டுச் சமுதாயக் கூடத்தில் அறுபது தாண்டியவர்களுக்கென்று உடம்பு வகுப்பு தொடங்கியிருந்தார் அற்புதம் சிஸ்டர். கீழே சேலம் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்றதும் மலையேறி வந்துவிட்டவர். பன்னிரண்டு பேர் போய்க்கொண்டிருந்தோம். மூச்சை இழுத்து விடுவது, நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நிற்பது, எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்கிற பேச்சு. கடைசிப் பத்து நிமிஷம் பாதம் பார்ப்பது.

“இந்த வயசுல நம்ம உள்ளங்காலை நாமே குனிஞ்சு பார்க்க முடியாது. அதனால ஒருத்தர் காலை ஒருத்தர் பாருங்க. வெடிப்போ புண்ணோ இருந்தா, இந்தப் படத்துல அதே இடத்துல ஒரு புள்ளி வையுங்க” என்று முதல் வாரமே சிஸ்டர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். பழைய காலண்டர் தாளை வெட்டி, பின்பக்கம் வாரத்துக்கு ஒரு ஜோடிப் பாதம் அவரே வரைந்தது. கீழே பார்த்தவர் கையெழுத்து.

எனக்கு ஜோடி முத்தாயி. பக்கத்து வெள்ளக்கடைக் கிராமத்தில் ஒரு ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருந்தாள். நாற்பது வருஷமாக எங்கள் மளிகைக் கடைக்கு வந்துபோகிறவள். மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். முதல் நாள் நான் குனிந்து கையை நீட்டியதும், காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க என்னையக் காட்டிலும் ஆறு வருசம் மூத்தவங்க. உங்க கை எங்கால்ல படறதா? அந்தப் பாவத்த எங்க கொண்டு போயிக் கழுவறதுங்க?”

“அப்ப நீயாவது என் காலைப் பாரு.”

“காட்டுங்க, பாக்கறேன்.”

எனக்கு மனம் வரவில்லை. கடையில் நின்று நின்று வெடித்த கால். அதன் அழுக்கை அவள் பார்ப்பானேன்? “சரி விடு, ரெண்டு பேரும் பார்த்த மாதிரிதான்” என்றேன். அதைச் சொன்னது நான். இரண்டு அட்டையிலும் ஒரு புள்ளி கிடையாது. எங்கள் அட்டையைப் பார்த்து, “குழந்தைப் பாதம் மாதிரி வச்சிருக்கீங்களே” என்று சிஸ்டர் மெச்சிக்கொண்டார். நாங்களும் வெட்கமில்லாமல் சிரித்தோம்.

அந்த அட்டைதான் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது. சேலத்தில் லாரிப் பட்டறையில் இருந்த அவள் மகன் செல்லப்பன், தனியாகக் கிடக்க வேண்டாம், கீழே வந்துவிடு என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். சிஸ்டர் அட்டையைப் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அவள் மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வான். அன்றைக்கு சிஸ்டர் என்ன எழுதித் தருகிறார் என்று பார்க்கத்தான் வருகிறான்.

அதனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னால், ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள்.

“முத்தாயிம்மா, மூச்சு இங்க இருக்கணும். நீங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்க” என்றார் சிஸ்டர்.

“காப்பிப் பழம் பழுத்துக் கெடக்குதுங்க சிஸ்டர். மூச்சு அங்கதானுங்க போகுது.”

“குளிர் நேரத்துல பழம் பறிக்கறதுன்னா கை விறைக்காதா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நெருப்புப் போட்டுக் காஞ்சுக்குவனுங்க. கூடப் பழம் பறிக்கற கண்ணாயியெல்லாம் ஒரு முழம் தள்ளியே காலு வெந்து போச்சுன்னு குதிப்பா. நானு தணலு மேலயே வெச்சிருப்பேன், ஒண்ணும் பண்ணாது. மலையில நடந்து நடந்து இறுகுன காலுங்க இது!”

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கிற பயிற்சி. பத்துத் தடவை. முத்தாயி எனக்கு முன்னால் நின்றாள். முடித்து அவள் ஓரடி தள்ளிப் போனபோது சிமென்டுத் தரையில் அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் புழுதித் தடம். அவளுடையதில் வலது பெருவிரலுக்குக் கீழே மட்டும் ஈரம். நாலணா அளவுக்கு, மஞ்சளாக.

தண்ணீராக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கூடத்தில் தண்ணீர் ஏது?

பாதம் பார்க்கிற நேரம் வந்தது.

“முத்தாயி, வலது காலைக் காட்டு.”

“என்னங்கக்கா புதுசா?”

“ஏதோ ஈரமாத் தெரிஞ்சுது.”

“பனியில நடந்து வந்தனுங்க. வலிச்சா எனக்குத் தெரியாதுங்களா? போடுங்க, அவன் வந்துட்டான் பாருங்க.”

செல்லப்பன் வாசலில் நின்றான். சட்டையில் கிரீஸ் கறை. அவளுடைய கை என் கைக்குள் பேனாவைத் திணித்தது.

“அக்கா. கீழ போனா எனக்கு மூச்சு முட்டிப் போயிருமுங்க. உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். அவள் மருமகள் நல்லவள்தான். வீடு ஒன்றரை அறை. பட்டறைச் சத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு செடி வைக்க இடமில்லாத சந்தில்.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டேன்.

சிஸ்டர் அட்டையை வாங்கி நான்கு ஜோடிப் பாதங்களையும் பார்த்தார். “தம்பி, அம்மா கால் சுத்தமா இருக்கு” என்று செல்லப்பனிடம் சொன்னவர், பேனாவைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். “நல்லாப் பார்த்தீங்கல்ல, ராஜேஸ்வரிம்மா?”

சும்மா கேட்டதுதான். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

“பார்க்கல, சிஸ்டர்.”

“என்ன?”

“இன்னிக்கும் பார்க்கல, ஒரு வாரமும் பார்க்கல. என் காலை அவளும் பார்க்கல. சும்மா கையெழுத்துப் போட்டோம்.”

“அக்கா!” என்றாள் முத்தாயி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் சடசடத்தது. அவள் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். “ஐயோ, பாவமுங்க, உடுங்க, செல்லப்பா, அக்காவப் புடி” என்று கத்தினாள். அதற்குள் திருப்பிவிட்டேன்.

கொப்புளம் வந்து உடைந்த இடம். சுற்றிலும் தோல் வெளுத்துத் தொங்கியது. நடுவில் கறுப்பாக ஏதோ புதைந்திருந்தது.

சிஸ்டர் இடுக்கியை எடுத்து வந்தார். முத்தாயியை நாற்காலியில் உட்கார வைத்து அந்தக் கறுப்பை இழுத்தார். காப்பிக் கொட்டை அளவு கரித்துண்டு. செல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்தாயி கூரையைப் பார்த்தபடியே, “எப்பங்க பாக்கப் போறீங்க? சீக்கிரம் பாருங்க” என்றாள்.

சிஸ்டர் இடுக்கியைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து இடுக்கி முனையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது எங்கால்ல இருந்துங்களா?”

“கால் இறுகல, முத்தாயிம்மா” என்றார் சிஸ்டர். “சர்க்கரையால மரத்துப்போச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்கச் சொல்லியிருப்பாங்க.”

கட்டுப் போட்டு, கால் தரையில் படவே கூடாது என்றார். செல்லப்பன் தாயைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் உட்கார வைத்தான். காலை நீட்டி வைக்க இடம் வேண்டுமே என்று நானும் ஏறி அதே சீட்டின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வாங்கிக்கொண்டேன். செல்லப்பன் முன் சீட்டில். எங்கள் கடையில் சிஸ்டர் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

மூன்றாவது வளைவு இறங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

“துரோகம் பண்ணிட்டீங்க.”

“ஆமா.”

“பழமெல்லாம் கொட்டிப் போயிருமுங்க.”

“கண்ணாயியப் பறிக்கச் சொல்றேன்.”

“அவ பச்சையும் சேத்து உருவிப் போடுவா.”

இன்னும் ஒரு வளைவு.

“சாமி, செல்லப்பா, ஆறிப்போச்சுன்னா கொண்டாந்து உட்டுருவயா?”

“மொதல்ல ஆறட்டும்மா.”

“அதைக் கேக்கல. உட்டுருவயா?”

“உடறேன். ஆனா வாராவாரம் யாராவது காலப் பாக்கோணும். நெசமாப் பாக்கோணும்.”

“நான் பார்க்கறேன்” என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை.

முத்தாயி என்னை முறைத்தாள். “உங்க காலக் குடுங்க.”

“இப்பவா? பஸ்ஸுலயா?”

“குடுங்கன்னா.”

செருப்பைக் கழற்றினேன். அவள் என் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்து, முந்தானையால் துடைத்து, வெடிப்பு வெடிப்பாக விரலை ஓட்டினாள்.

“இத்தன வெடிப்பு வெச்சுக்கிட்டுக் கொழந்தப் பாதமாம். இங்க அமுக்குனாத் தெரியுதுங்களா?”

“தெரியுது.”

“பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அது நல்லா வருது.”

“வலிக்குதுடி, கையை எடு!”

“வலிக்குதுங்களா? நல்லது” என்று இன்னும் அழுத்தினாள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில்வர் ஓக் மரங்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. நான் மெதுவாக, அவளுக்குத் தெரியாமல், கட்டுக்கு வெளியே அவள் குதிகாலை அழுத்திப் பார்த்தேன். திரும்பவில்லை. உள்ளங்கால் குழியில் நகத்தால் கீறினேன். திரும்பவில்லை. கணுக்காலுக்கு மேலே விரல் போனபோதுதான், “என்னங்கக்கா, கூசுது” என்றாள்.