கோடுகள் நின்ற இடம்

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் சிறிய ஊர். அதன் எல்லாத் தெருக்களிலும் நாற்பது நாட்களுக்குள் ஜெபித்தபடி நடந்து முடிப்பது என்று எங்கள் சபை முடிவெடுத்தபோது, வரைபடப் பொறுப்பை நானே எடுத்தேன். பதினேழு வருடங்களாக நான் இந்தச் சபையின் மூப்பர். ஆலையில் இருபத்தெட்டு வருடம் அளவுக் கருவிகளின் வரைபுகளைப் பார்த்தவன். ஒரு கோடு ஏன் வளைகிறது என்று கண்டுபிடிப்பது எனக்குப் புதிதல்ல.

முறை எளிது. நடப்பவர் தொலைபேசியில் செயலியை முடுக்கிவிட்டு நடப்பார். போன வழி கோடாகப் பதியும். சனிக்கிழமைக்குள் எல்லோரும் தங்கள் கோடுகளை எனக்கு அனுப்புவார்கள். நான் அவற்றை ஊர் வரைபடத்தில் ஏற்றி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபச் சுவரில் காட்டுவேன். நடந்த தெரு சிவப்பு, நடக்காத தெரு வெள்ளை.

ஒரு விதி வைத்தேன். வந்த கோட்டில் யாரும் கைவைக்கக்கூடாது, அழிக்கவும் கூடாது. முதல் ஞாயிறே, சபையில் ஒருவரான சண்முகலிங்கத்தின் கோட்டில் அதற்குச் சோதனை வந்தது. சுவரைக் காட்டிக் கேட்டேன்.

"சண்முகலிங்கம், மணிக்கு நாப்பத்தெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில ஜெபிச்சிருக்கிறீர்."

"அண்ணை, ஆவியானவர் தூக்கிக்கொண்டு போட்டார்."

"அவர் சிக்னல் போட்டோ திரும்பினவர்?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டை அழிக்கவுமில்லை.

செயலியில் இன்னொரு வசதி இருந்தது. விரும்பினால் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம். வட்டத்துக்குள் நீங்கள் நடந்தது பிறருக்குத் தெரியாது. பலர் அதைப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று சபையிலேயே சொன்னேன். என் கோடுகள் என் வாசற்படியில் தொடங்கி வாசற்படியில் முடிந்தன.

ஐந்தாவது வாரம் வடக்கு முழுவதும் சிவந்துவிட்டது. தெற்கே, ஆற்றுக்கு அப்பால், ஒரு தெருவும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டும் வெள்ளையாகவே கிடந்தன. யார் அதை எடுப்பது என்று மூன்று ஞாயிறு கேட்டிருந்தேன். மூன்று தடவையும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். சனிக்கிழமை பின்னேரம், அந்தப் பக்கம் வழக்கமாக நடப்பவர் யார் என்று அறிய, கோடுகளை ஆள்வாரியாகப் பிரித்தேன்.

என் மகன் லூக்காஸ்.

அவன் எனக்கு ஒரே பிள்ளை. மனைவி கிருபாஷினியோடும் எட்டு வயது மகள் சாருஜாவோடும் ஊரின் வடக்கில், பாடசாலைக்குப் பக்கத்தில், சொந்த வீட்டில் இருப்பவன். அவனுடைய கோடுகள் இருபத்திமூன்று. ஒன்றுகூட வடக்கில் தொடங்கவில்லை. எல்லாமே அந்த வெள்ளைப் பகுதியின் விளிம்பில் தொடங்கி, அதன் விளிம்பிலேயே வந்து நின்றன. விடியற்காலை ஆறு மணிக் கோடும் அப்படித்தான்.

கருவி பிழைவிடும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பிழை சிதறும். இருபத்திமூன்று தடவை ஒரே இடத்தைச் சுற்றி நிற்காது. அது அவன் செயலியில் போட்டுக்கொண்ட வட்டம். அதன் நடுவில் ஒரு தொடர்மாடி இருந்தது. இணையத்தில் ஒரு முகவரிப் புத்தகம் உண்டு. தெருவையும் இலக்கத்தையும் போட்டால் அங்கே இருப்பவர்களின் பெயர்கள் வரும். போட்டேன். லூக்காஸ் நேசரட்ணம், இரண்டாம் மாடி, இடது பக்கம்.

நேசரட்ணம் நான். ஒற்றை அறை வாடகை வீட்டுக் கதவில் என் பெயர். டென்மார்க்கில் எவரும் அதைப் பார்த்திருக்கலாம். நான்தான் பார்க்கவில்லை.

என் மனைவி கிருபாமலர் சமையலறையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மடிக்கணினியை அவள் முன் வைத்தேன்.

"இது என்ன இடம், மலர்?"

பார்த்தாள். கையை மெதுவாகத் துடைத்தாள். "லூக்காஸ் இருக்கிற இடம்."

"எப்ப இருந்து?"

"மார்கழியில இருந்து."

இது வைகாசி. "உமக்குத் தெரியும்."

"ஓம். வீடு கூட்டிக் குடுத்ததே நான்தான்."

"வேற ஆருக்குத் தெரியும்? சண்முகலிங்கத்துக்கோ?"

"அவற்ற வான் வண்டியிலதானே கட்டில் போனது."

நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"செபஸ்தியாம்பிள்ளை அண்ணையின்ர மகள் புருசனைப் பிரிஞ்சபோது நீங்கள் சபையில எழும்பிச் சொன்னது நினைவிருக்கோ? தன்ர வீட்டை நடத்தத் தெரியாதவன் சபைக்கு முன்னால நிக்கக்கூடாது எண்டனீங்கள். அதுக்குப் பிறகு உங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

சொன்னேன். இன்றும் மறுக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை அன்றே மூப்பர் பொறுப்பை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். அவர் போனது மரியாதை. இவர்கள் செய்தது என்ன? ஐந்து மாதம் ஞாயிறுதோறும் ஒரே காரில் வந்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தார்கள். சாருஜாவிடம் அப்பா எங்கே என்று கேட்டால், வேலையில் என்று டெனிஷில் சொல்லிவிட்டு ஓடிவிடும். கூச்சம் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைக்குப் பொய் பழக்கியிருக்கிறார்கள், என் வீட்டிலேயே, என்னை ஏமாற்ற.

மேலங்கியைப் போட்டேன்.

"இஞ்சருங்கோ, எங்க போறியள்?"

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். வாசற்படியில் கை தானாகச் செயலியை முடுக்கியது. ஐந்து வாரப் பழக்கம். ஆற்றைத் தாண்டும்வரை ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை.

தொடர்மாடி வாசலில் அழைப்பு மணிகளின் வரிசை. இரண்டாம் மாடி, இடது. என் பெயர், தட்டச்சில், நேராக ஒட்டப்பட்டிருந்தது. விரலைக் கொண்டுபோனேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். பல்கனியில் ஒரு பச்சை மூடிச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சபை விருந்தில் யாரோ மாறி எடுத்துப் போய்விட்டார்கள் என்று தை மாதம் கிருபாமலர் எனக்குச் சொன்ன சட்டி. அதைத் தேடி நான் நாலு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். நாலு வீட்டிலும் காணவில்லை என்றே சொன்னார்கள்.

விரலை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் கோடு வரைபடத்தில் ஏறியிருந்தது. வெள்ளைப் பகுதிக்குள் போன ஒரே கோடு. நடுவில் ஒரு புள்ளி, பதினொரு நிமிடம் என்ற குறிப்பு, வந்த வழியே திரும்பிய சிவப்பு. ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். மூப்பராகவும் இருந்துகொள்ளலாம். கிருபாமலர் கதவோரம் நின்று, "அழியுங்கோவன். ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றாள்.

கேட்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரைபடத்தைச் சுவரில் போட்டேன். லூக்காஸும் கிருபாஷினியும் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"தெற்கால வெள்ளையாக் கிடந்த தெருவுக்குள்ள போயிருக்கிறது என்ர கோடு," என்றேன். "என்ர மகன்ர வாசல் மட்டும் போனது. உள்ள போகேல்லை."

ஒருவராவது திடுக்கிட்டிருந்தால், என்னோடு சேர்ந்து ஏமாந்தவர் ஒருவர் இருந்தார் என்று ஆறியிருப்பேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. நேரம் பிந்தி வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் செபஸ்தியாம்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"செபஸ்தியாம்பிள்ளைக்குச் சொன்னது எனக்கும்தான்," என்று சொல்லி, மூப்பர் வசம் இருக்கும் மண்டபக் கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

வாசலில் லூக்காஸ் வழியை மறித்தான்.

"பதினொரு நிமிசம் நிண்டிருக்கிறியள், அப்பா. மணி அடிச்சிருக்கலாம்தானே."

"என்ர பேர் போட்டிருக்கிற கதவுக்கு நான் மணி அடிக்கிறதோ?"

அவன் வழியை விட்டான். சாருஜா அவனுடைய கையைப் பிடித்தபடி என்னையே பார்த்தது.

"இனி உன்னட்டை அப்பா எங்க எண்டு கேக்கமாட்டன், பிள்ளை," என்றேன். அதற்கு விளங்கியதோ தெரியாது.

காரில் ஏறச் சொன்னார்கள். தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நடந்தேன். ஜெபநடை முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த வெள்ளைத் தெருவின் மறுபாதியைப் பிறகு யார் நடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் வந்து சொல்லவில்லை.